முறிகோடு, முழுக்கோடு

முத்திருளாயிக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே கண் எரிச்சல். எரியாமல் என்ன செய்யும்? பதினாலு மாசமாக, நாளைக்கு எட்டு மணி நேரம், லென்ஸுக்குள் கண்ணை நட்டுவைத்து, விரல் நகம் அளவு சாம்பல் பூச்சியின் இறக்கையில் ஒரு கோட்டைத் தேடிக்கொண்டே இருந்தால் யார் கண்தான் தாங்கும்? அவளுடையது நாற்பத்தாறு வயதுக் கண் வேறு. அது பாட்டுக்கு எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதுகுளத்தூருக்குத் தெற்கே, பொட்டல் நடுவில், தகரக் கூரை போட்ட அந்தக் கட்டடத்துக்கு என்னவோ நீளமாக ஒரு பெயர் உண்டு. ஊர்க்காரர்களுக்கு அது பூச்சி ஆபீஸ். கண்மாய், வயல், சுடுகாடு என்று ஒன்று விடாமல் மூடிக்கிடந்த சீமைக்கருவேலத்தை வெட்டிப் பார்த்தார்கள், வேரோடு பிடுங்கிப் பார்த்தார்கள், கோர்ட்டுக்குக்கூட இழுத்துப் பார்த்தார்கள். அது அசையவில்லை. கடைசியில் தென்னமெரிக்காவுக்குப் போய், அந்த மரத்தைத் தின்னும் அந்துப்பூச்சியைப் பிடித்துக்கொண்டு வந்து இங்கே பெருக்கி விட்டார்கள். பூச்சி வேலையைக் காட்டிவிட்டது. ஒரே வருஷத்தில் பத்து கிராமத்து மரங்கள் இலையில்லாமல் பட்டுப்போய் நின்றன.

ஆனால் வந்த பூச்சியில் ஒரு சிக்கல் இருந்தது. அது ஒன்று இல்லை, இரண்டு இனம் என்றார்கள் அந்த நாட்டு நிபுணர்கள். நிறம், மீசை, கால், நடை எல்லாம் அச்சு அசல் ஒன்றே. முன் இறக்கையில் தலைமுடி கனத்துக்கு ஒரு கறுப்பு வளைவு ஓடும், அதில்தான் வித்தியாசம். நடுவில் இரண்டு இடத்தில் அறுந்திருந்தால் முறிகோடு. அது நல்ல பிள்ளை, சீமைக்கருவேல இலையைத் தவிர எதிலும் வாய் வைக்காது. அறுபடாமல் ஓடினால் முழுக்கோடு. அது போக்கிரி, உளுந்து, பாசிப்பயறு, தட்டாம்பயறு எதையும் விடாது. முறிகோட்டை மட்டும் பொறுக்கி வெளியே விட வேண்டும், முழுக்கோட்டை உறைபெட்டியில் போட்டுக் கொல்ல வேண்டும். முத்திருளாயியின் உத்தியோகம் அதுதான். பரமக்குடியில் படித்த விலங்கியல் பட்டம் இருபத்தைந்து வருஷம் கழித்து இதற்குத்தான் உதவியது.

அவளுக்கு உதவியாக ஒரு மெஷின் வந்தது. பூச்சி ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குழாயில் ஊர்ந்து போகும், உள்ளே கேமரா பார்க்கும், பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். பெட்டி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முதலில் ஒன்றும் தெரியாது. முத்திருளாயி பக்கத்தில் உட்கார்ந்து இது ஆகும், இது ஆகாது என்று அறுபதாயிரம் பூச்சிக்குச் சொல்லிக் கொடுத்தாள். இப்போது அது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகச் சொல்கிறது என்று சென்னையில் பெருமை. பெட்டி சந்தேகப்படுவதை மட்டும் அவள் பார்ப்பாள். தொகுதி தொகுதியாகப் பூச்சி வெளியே போகுமுன் கடைசிக் கையெழுத்தும் அவளுடையதுதான்.

அப்படி இருக்கையில்தான் அவள் தம்பி ஊர்க்காவலன் அன்றைக்கு மத்தியானம் வேப்பங்குளத்திலிருந்து வந்து, வண்டியை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தான். கையில் ஒரு பாலிதீன் பை.

"அக்கா, இந்தா, இதைப் பாரு."

பையில் உளுந்து இலைகள். இலைக்கு இலை சுருட்டி, நூல் கட்டி, உள்ளே பச்சைப் புழு.

ஊர்க்காவலன் பிறந்ததிலிருந்து விறகைக் கரியாக்கும் கரிமூட்டம் போட்டவன். சீமைக்கருவேலம்தான் அவனுக்குச் சோறு போட்டது. அக்காவின் பூச்சி அதைத் தின்று முடித்ததும், அரசாங்கம் விதை உளுந்து கொடுத்தது, பண்ணைக்குட்டை வெட்டிக் கொடுத்தது, இனிமேல் நீ விவசாயி என்றது. மாசிப் பட்டத்தில் ஐந்து ஏக்கர் போட்டிருந்தான். அவன் வாழ்க்கையில் போட்ட முதல் வெள்ளாமை.

"எத்தனை ஏக்கர்ல?" என்றாள்.

"ரெண்டு போச்சு. மூணு பாக்கி. உன் பூச்சியா இது?"

"என் பூச்சி உளுந்தைத் தொடாதுடா. தொட்டா என் கண்ணைத் தோண்டிப் போடு."

"உன் கண்ணைத் தோண்டி நான் என்னத்தைப் பண்ண? இருக்கற மூணு ஏக்கருக்கு ஒரு வழி சொல்லு."

வெளிப்புழுவைப் பூச்சி வளர்க்கும் ஏசி அறைக்குள் கொண்டுபோகக் கூடாது, நோய் ஒட்டும் என்று விதி. அதனால் அவள் புழுக்களை ஒரு ஜாடியில் போட்டு, வெயில் அடிக்கிற வராண்டாவில் வைத்தாள். கூடு கட்டி, ஒன்பதாம் நாள் அந்துப்பூச்சியாக வெளியே வந்தன. லென்ஸில் பார்த்தாள். இருபத்துமூன்றும் முழுக்கோடு. ஒன்றில்கூடக் கோடு அறுபடவில்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"நம்ம பூச்சி இல்லடா. எங்கிட்டோ தப்பிச்ச போக்கிரிப் பூச்சி. நான் விட்டது இல்ல."

"நல்லது. அதைக் கேட்டு உளுந்துக்குச் சந்தோசம்" என்று போனை வைத்துவிட்டான்.

தம்பி வயல் அழிகிறபோது நமக்கு அப்பாடா என்றா இருக்க வேண்டும்? அவளுக்கே வெட்கமாகப் போனது. அதைவிட வேறொன்று அரித்தது. முழுக்கோடு இந்த நாட்டில் இந்தக் கட்டடத்தைத் தவிர வேறெங்கே இருக்கிறது? தப்பியது என்றால் யார் கண்ணுக்குத் தப்பியது?

அடுத்த வாரம் ஏசி படுத்துவிட்டது. இரண்டு நாள் மெக்கானிக் வரவில்லை. அறை அடுப்பாகிவிட்டது. அதற்குள் இருந்த தட்டுகளில் ஒன்று சுத்தமான வம்சம். பன்னிரண்டு தலைமுறையாக முறிகோட்டை முறிகோட்டோடு மட்டும் சேர்த்து வளர்த்தது. அதிலிருந்து முந்நூறு பூச்சி வந்தது. பெட்டி ஒவ்வொன்றுக்கும் சிவப்பு காட்டியது. பெட்டிக்கும் ஏசி இல்லாமல் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று அவளே லென்ஸில் பார்த்தாள். முந்நூறும் முழுக்கோடு.

அவள் மனசில் பழைய விஷயம் ஒன்று ஓடியது. ஆரம்பத்தில் கூட்டுப்புழுத் தட்டுகள் எல்லாம் தகரக் கூரைக்குக் கீழேதான் இருந்தன. பாதிக்குப் பாதி வெந்து செத்தன. வெயிலும் மழையும் மாறி மாறி வந்த அந்த மாசங்களில், மிஞ்சியதில் பாதி முறிகோடு, பாதி முழுக்கோடு. பாவம், நாம் ஏசியில் உட்கார்ந்துகொண்டு இதுகளை வேகவிடுகிறோமே என்று அவள்தான் தட்டுகளைத் தன் அறைக்கு மாற்றச் சொன்னாள். அப்புறம் சாவு நின்றது. முழுக்கோடும் அனேகமாக நின்றது. முத்திருளாயி பொறுக்கிப் பொறுக்கிக் கெட்ட இனத்தையே ஒழித்துவிட்டாள் என்று மேடையில் சால்வை போட்டார்கள். அவளும் நம்பினாள். சால்வை போட்டால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

ஏசி சரியானதும் ஒரு காரியம் செய்தாள். ஒரே தாயின் முட்டையில் வந்த கூட்டுப்புழு நாற்பதை எடுத்தாள். இருபதை ஏசியில் வைத்தாள், இருபதை வராண்டாவில் வைத்தாள். எட்டாம் நாள் திங்கட்கிழமை. ஏசியில் வந்தது இருபதும் முறிகோடு. வராண்டாவில் வந்தது இருபதும் முழுக்கோடு. கூடப் பிறந்ததுகள்.

இரண்டு ஜாடியையும் தூக்கிக்கொண்டு மையத்தின் பொறுப்பாளர் நிரஞ்சனாவின் மேஜைக்குப் போனாள். நிரஞ்சனா கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், முப்பத்திரண்டு வயது, பூச்சியில் டாக்டர் பட்டம். வருஷத்துக்கு வருஷம் நீட்டிக்கிற ஒப்பந்த வேலை. அவள் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம்தான்.

"ஒரே தாயிங்களாக்கா?" என்று மூன்று முறை கேட்டாள்.

"என் கையால பிரிச்சு வச்சேன். குளிர்ல வளர்ந்தா கோடு முறியுது, வெக்கையில வளர்ந்தா முழுசா ஓடுது. இனமாவது மண்ணாவது."

நிரஞ்சனா கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். தென்னமெரிக்க அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைத்திருந்த பழைய பூச்சிகளின் படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே பிடித்த தேதி.

"முறிகோடு எல்லாம் ஜூன், ஜூலையில பிடிச்சதுங்க. முழுக்கோடு எல்லாம் டிசம்பர், ஜனவரி."

"அப்போ நான் சொல்றது தப்பாச்சே? ஜூலையில ஏது குளிர்?"

"அங்க ஜூலைதானுங்கக்கா குளிர்காலம். பூமிக்கு அந்தப் பக்கம். டிசம்பர்தான் கோடை."

முத்திருளாயி படத்தின் பக்கம் குனிந்தாள்.

"அங்க குளிர்காலத்துல வயல்ல பயறு இருக்குமா?"

"இருக்காதுங்க."

"பயறே இல்லாதப்ப அது மரத்தைத்தானே தின்னும். அதைப் பார்த்துட்டு, மரத்தை மட்டும் தின்னுற நல்ல பூச்சின்னு எழுதிட்டானுக."

"நாமளும் உளுந்து வச்சுச் சோதிச்சோமேக்கா. தொடலையே."

"பக்கத்துல கருவேல இலையும் வச்சோமே தாயி. பிடிச்ச சாப்பாடு தட்டுல இருக்கறப்ப எவன் மத்ததைத் தொடுவான்? வேப்பங்குளத்துல மரம் தீர்ந்துபோச்சு. இப்ப என் தம்பி உளுந்துக்கு வந்துருச்சு."

நிரஞ்சனா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை நாற்பதாயிரம் பூச்சி போக வேண்டும். ஐந்து பஞ்சாயத்து. எல்லாம் புதிதாக உளுந்து போட்ட ஊர்கள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் முத்திருளாயி.

"போன மாசம் சுற்றறிக்கை வந்துருச்சுங்கக்கா. பெட்டி பச்சை காட்டினாப் போதும், கையெழுத்து வேண்டியதில்லை. நீங்க போடாட்டியும் வண்டி கிளம்பிரும்."

"நீங்க எழுதிப் போடுங்க, பெட்டி தப்புன்னு."

"எப்படி எழுதறது? அது உங்க கண்ணைப் பார்த்துப் படிச்சது. அது சரியான்னு சோதிக்கறது எப்படீன்னா, நீங்க சொன்னதோட ஒத்துப்போகுதான்னு பார்க்கறது. ஒத்துப்போகுது. அது தப்புன்னா அளக்கறதுக்கு வேற கோலே நம்மகிட்ட இல்லையே."

முத்திருளாயி எழுந்து தன் அறைக்குப் போனாள். வெள்ளிக்கிழமைக்கான கூட்டுப்புழுக்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. அப்புறம் ஏசியை அணைத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டிக்கு வாயால் சொன்னால் புரியாது, அதற்குத் தெரிந்தது கோடு ஒன்றுதான்.

மறுநாள் நிரஞ்சனா உள்ளே வந்தாள். அனல் முகத்தில் அடித்தது. ஏசியைப் பார்த்தாள், திறந்த ஜன்னலைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, ரிப்பேருங்களா?"

"ரிப்பேர்தான்."

"மெக்கானிக்கைக் கூப்பிடட்டுங்களா?"

"வெள்ளிக்கிழமை வந்தாப் போதும்."

நிரஞ்சனா பதிவேட்டை இழுத்து, ஏசி பழுது என்று தன் கையாலேயே எழுதி, தேதி போட்டுவிட்டுப் போனாள். அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது முத்திருளாயிக்கு. ஆனால் வேர்வை, அலுப்பு. எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை பூச்சிகள் வந்தன. பெட்டி காலையில் தொடங்கி சாயங்காலம் வரைக்கும் சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்றே காட்டியது. சந்தேகம் என்று ஒன்றைக்கூட அவளிடம் தள்ளவில்லை. நாற்பதாயிரமும் உறைபெட்டிக்குப் போயின. எத்தனையோ கொன்றிருக்கிறாள், அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு தட்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உள்ளே தள்ளினாள். இதுகள் செய்த தப்பு என்ன? பசித்தால் கிடைப்பதைத் தின்னும், அவ்வளவுதானே.

செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து காணொளிக் கூட்டம். ஒரு வாரக் கெடு வாங்கியாச்சு, இதிலேயே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முத்திருளாயி இரண்டு ஜாடியோடும் போய் நிரஞ்சனா பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் ஆறு மாவட்டத்து அதிகாரிகள். நடுவில் தணிகாசலம் சார், திட்டத்துக்கே தலைவர், நல்ல மனிதர், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாதவர்.

"முதல்ல உங்களுக்குப் பாராட்டு" என்று அவர் ஆரம்பித்தார். "போன வாரம் நாற்பதாயிரம் முழுக்கோடு வெளியே போயிருக்கும். ஒண்ணு தப்பாம மெஷின் பிடிச்சிருச்சு. இதைவிட வேற அத்தாட்சி என்ன வேணும்? அதனால ஆறு மாவட்டத்துக்கும் இந்த மெஷினையே கொடுக்கறதா முடிவு பண்ணியாச்சு. முத்திருளாயி அம்மா, ரெண்டு வார்த்தை பேசுங்க."

கேட்டது எது, கிடைத்தது எது! ஒரு தம்பி வயலைக் காப்பாற்றப் போய் ஆறு மாவட்டத்தைப் பூச்சிக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டாளே. முத்திருளாயி ஜாடிகளைத் தூக்கிக் காட்டினாள்.

"ஐயா, இது ரெண்டும் ஒரு தாய் வயித்துப் பூச்சி. கோடு குளிர்ல முறியும், வெக்கையில முறியாது. ரெண்டு இனமே கிடையாது. பதினாலு மாசமா நான் போட்ட கையெழுத்தெல்லாம் தப்பு. போன வாரம் மெஷின் ஒண்ணையும் பிடிக்கலை. நான்தான் ஏசியை அணைச்சேன்."

தணிகாசலம் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏசி பழுதுன்னு பதிவேட்டுல இருக்கேம்மா. பொறுப்பாளரே எழுதியிருக்காங்க."

நிரஞ்சனாவின் முகம் வெளுத்துப்போனது. தெரிந்தேதான் அப்படி எழுதினாள் என்றால் அந்தப் பெண்ணின் வேலை போகும். முத்திருளாயி வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, ஜாடியில இருக்கறதை மெஷின்ல விடுங்க. எல்லாரும் பார்ப்போம்" என்றார் அவர்.

விட்டார்கள். இருபது பச்சை, இருபது சிவப்பு. இரண்டு வேறு இனங்கள், நிச்சயம் தொண்ணூற்றொன்பது சதவீதம் என்று திரையில் வந்தது.

"ஒரே தாய்னு யாரு பார்த்தாங்க? மெஷின் பதிவு இருக்கா?"

"வராண்டாவுல வச்சேன் ஐயா. அங்க மெஷின் இல்ல. நான் பார்த்தேன்."

நிரஞ்சனா மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "சார், அவங்க சொல்றது சரீன்னுதான் நானும் நினைக்கறேன். முறையா ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துட்டு அப்புறம் விடலாம்ங்க."

"தாராளமா பண்ணலாம். அடுத்த வருஷத் திட்டத்துல சேர்த்துக் கொடுங்க." பிறகு அவர் முத்திருளாயியைப் பார்த்து, உண்மையான அக்கறையோடு சொன்னார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. பதினாலு மாசம் லென்ஸையே பார்த்தா யாருக்கும் இப்படித்தான் ஆகும். ஒரு கண் டாக்டரைப் பாருங்க, லீவு எடுத்துக்குங்க. உங்க நல்ல கண்ணு எங்ககிட்ட மெஷின்ல பத்திரமா இருக்கு."

புதன்கிழமை விடிந்ததும் அவள் வேப்பங்குளம் பஸ்ஸைப் பிடித்தாள். ஊர்க்காவலன் வரப்பில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். மிச்சமிருந்த மூன்று ஏக்கரிலும் அங்கங்கே இலை சுருண்டிருந்தது.

"என்னக்கா சொன்னாக சென்னையில?"

"எனக்குக் கண்ணு சரியில்லையாம்டா."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பீடியை அணைத்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள், அவன் திட்டவில்லை.

"அது என் பூச்சிதான்டா" என்றாள் அவள். "நான்தான் விட்டேன். கூடு கட்டறதுக்குள்ள புழுவோட செடியைப் பிடுங்கி எரிச்சாத்தான் பக்கத்து உளுந்துக் காட்டுக்குப் போகாது."

"பூ வச்சிருக்குக்கா."

"தெரியுது."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். இரண்டு பேரும் கிழக்கு மூலையிலிருந்து பிடுங்கத் தொடங்கினார்கள். வெயில் ஏற ஏற முதுகு விண்டுபோனது. பாதி வரிசையில் அவன் நிமிர்ந்து, ஒரு செடியை வேரோடு அவளிடம் நீட்டினான். சுருளாத இலையில், இப்போதுதான் பொரித்த சின்னப் புழு ஒன்று நெளிந்தது.

"இது உன் பூச்சியா, இல்ல சும்மா ஊர்ப் பூச்சியா? பார்த்துச் சொல்லு. ஊர்ப் பூச்சின்னா இந்தப் பக்கத்தையாவது விட்டுரலாம்."

அவள் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, இப்படியும் அப்படியும் திருப்பி, நெடுநேரம் பார்த்தாள். அவன் காத்திருந்தான்.

"தெரியலடா" என்றாள். "எல்லாத்தையும் பிடுங்கு."